மாவும் படமும்

சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரத்தில் ஒரு காலத்தில் பெரிய மணற்பாறை ஒன்று நின்றது. அதன் உயரம் ஏறத்தாழ 3 மீட்டர். அதன் மீது சுமார் 50 வரிகள் பொறிக்கப்பட்டிருந்தன. 1819ஆம் ஆண்டில் காட்டை அழித்துக்கொண்டிருந்த தொழிலாளர்கள் அதைக் கண்டனர். எழுத்துகள் மிகவும் தேய்ந்திருந்ததால் எவராலும் அவற்றைப் படிக்க முடியவில்லை.

வில்லியம் பிளாண்ட் என்பவர் அவற்றைப் படியெடுக்க எளிய வழி ஒன்றைக் கையாண்டார். பிசைந்த மாவை எழுத்துகளின் மேல் அழுத்தி எடுத்தார். கண்ணுக்கு மங்கலாகத் தெரிந்த கோடுகள் மாவில் மேடும் பள்ளமுமாகப் பதிந்தன. ஆனால், பாறை முழுவதையும் அவ்வாறு படியெடுப்பது இயலாத செயல். 1843ஆம் ஆண்டில், கோட்டைப் பணிகளுக்கு இடம் வேண்டி அப்பாறை வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. எஞ்சிய துண்டுகளுள் ஒன்று இன்று சிங்கப்பூர் தேசிய அரும்பொருளகத்தில் உள்ளது. மற்ற வரிகளில் பெரும்பாலானவை பாறையோடு மறைந்துவிட்டன.

மாவு செய்த வேலையை இன்று கேமரா செய்கிறது. ஒரு பொருளைப் பல கோணங்களில் படமெடுத்து, அதன் முப்பரிமாண உருவத்தைக் கணினியில் அமைக்கலாம். இதற்கு ‘ஒளிப்பட அளவியல்’ என்று பெயர். ஜெர்மானியக் கட்டடக் கலைஞர் ஆல்பிரெக்ட் மைடன்பவர் இத்துறையின் முன்னோடிகளுள் ஒருவர். 1858ஆம் ஆண்டில், வெட்ஸ்லார் தேவாலயத்தை அளந்தபோது அவர் உயரத்திலிருந்து விழவிருந்தார். ஏறி அளப்பதற்குப் பதிலாகப் படமெடுத்து அளந்தால் என்ன என்ற எண்ணம் அவருக்கு அப்போதுதான் தோன்றியது.

விரலை முகத்துக்கு முன் நீட்டி, கண்களை மாற்றி மாற்றி மூடிப் பார்த்தால் விரல் இடம் மாறுவதுபோல் தோன்றும். விரல் அருகில் இருந்தால் மாற்றம் அதிகம். தள்ளி இருந்தால் குறைவு. கணினியும் இதே முறையில் தொலைவை அறிகிறது. ஒரே புள்ளி இரண்டு படங்களில் எங்கெங்கே உள்ளது என்று ஒப்பிட்டு, அதன் இடத்தைக் கணக்கிடுகிறது. இவ்வாறு கிடைக்கும் இலட்சக்கணக்கான புள்ளிகள் சேர்ந்து உருவமாகின்றன. எனவே, அடுத்தடுத்த படங்களில் பாதிக்கும் மேற்பட்ட பகுதி பொதுவாக இருக்க வேண்டும். பொருளின் அருகில் அளவுகோலையும் வைக்க வேண்டும். இல்லையெனில், அது கைக்கல்லா பெரும்பாறையா என்று கணினிக்குத் தெரியாது.

எல்லாப் பொருள்களும் இம்முறைக்கு எளிதில் வசப்படுவதில்லை. அம்மிக்கல்லின் சொரசொரப்பான பரப்பில் ஒப்பிடுவதற்கு ஏராளமான புள்ளிகள் உண்டு. சிராங்கூன் சாலைக் கடைகளில் பளபளக்கும் குத்துவிளக்கோ கேமரா நகரும்போதெல்லாம் வேறுவிதமாக மின்னிக் கணினியைக் குழப்பும். மேலும், கேமரா பார்க்காததைக் கணினி அறியாது. லிட்டில் இந்தியாவில், 1900ஆம் ஆண்டில் கட்டப்பட்ட டான் டெங் நியா வீட்டைத் தெருவில் நின்று மட்டும் படமெடுத்தால், வண்ணச் சுவர்கள் கிடைக்கும். கூரையின் பின்பக்கம் வெற்றிடமாகவே இருக்கும்.

ஆப்கானிஸ்தானின் பாமியான் புத்தர் சிலைகள் 2001ஆம் ஆண்டில் தகர்க்கப்பட்டன. அவற்றுள் பெரியதை 1970ஆம் ஆண்டில் ஆஸ்திரியப் பேராசிரியர் ஒருவர் அளவெடுப்பதற்கு ஏற்ற முறையில் படமெடுத்திருந்தார். அப்படங்களைக் கொண்டு சூரிக் நகர ஆய்வாளர்கள் சிலையின் உருவத்தைக் கணினியில் மீட்டனர். கல் திரும்பவில்லை, ஆனால், அதன் வடிவமும் அளவும் கிடைத்தன.

சிங்கப்பூர்ப் பாறைக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை. இன்று பலரின் கையிலும் கேமரா உள்ள கைத்தொலைபேசி இருக்கிறது. எனினும், இடிபட்ட சுவரையோ உடைந்த சிற்பத்தையோ பின்னால் போய்ப் படமெடுக்க முடியாது. பொருள் நிலைத்திருக்கும்போதே அதைப் பதிவு செய்ய வேண்டும்.