ஆணியில்லாப் படகு

மாணவர்களே! ஆணியே அடிக்காமல் பலகைப் படகு கட்ட முடியுமா? முடியும். சென்னையில் துறைமுகம் அமையுமுன், கப்பலில் வந்தவர்களையும் சரக்கையும் கரை சேர்த்த மசூலாப் படகுகள் தென்னங்கயிற்றால் தைத்துச் செய்யப்பட்டவையே. பூமியின் மறுபுறத்தில், அமெரிக்காவின் கலிபோர்னியாக் கரையில் வாழும் சுமாஷ் பழங்குடியினரும் இவ்வாறே படகு தைத்தனர். அதன் பெயர் தொமோல்.

சுமாஷ் மக்களின் ஊர்கள் கரையிலும் எதிரே உள்ள தீவுகளிலும் இருந்தன. தீவினர் கடற்சிப்பிகளை மணிகளாக்கினர். அம்மணிகளே அங்கு நாணயம். எனவே படகு இன்றி வாணிபம் இல்லை, உறவும் இல்லை.

தொமோலை எப்படிக் கட்டினர்? வடக்கிலிருந்து கடலில் மிதந்துவந்த ரெட்வுட் மரங்களைத் திமிங்கில எலும்பு ஆப்புகளால் பிளந்தனர். சுறாத்தோலே அவர்களுடைய உப்புத்தாள்! அதனால் தேய்த்த பலகைகளை விளிம்போடு விளிம்பு சேர்த்து, துளையிட்டு, நார்க்கயிற்றால் தைத்தனர். அக்கரையில் நிலத்திலிருந்து இயற்கையாகவே கீல் கசிகிறது. அதனுடன் பைன் மரப் பிசினைச் சேர்த்துக் காய்ச்சி இடுக்குகளை அடைத்தனர். தைத்த படகு அலை மோதும்போது சற்றே வளைந்து கொடுக்கும், எளிதில் உடையாது. ஆனால் நீர் கசியும். ஆகவே துடுப்புப் போடுவோருடன், நீர் இறைக்கவும் ஒருவர் செல்வார்.

1769ல் அங்கு வந்த ஸ்பானியப் படையினர், ஓரூரில் படகு கட்டுவதைக் கண்டு வியந்து அவ்வூருக்குத் 'தச்சுக்கூடம்' என்று பெயரிட்டனர். கார்ப்பின்டீரியா என்ற அப்பெயர் இன்றும் வழங்குகிறது. ஆனால் 1772 முதல் அப்பகுதியில் ஸ்பானிய மிஷன்கள் தோன்றின. புதிய நோய்களால் மக்கள் மடிந்தனர். எஞ்சிய தீவினர் மிஷன்களுக்குச் சென்றனர். தீவுகள் வெறிச்சோடின, தொமோல் கட்டுவதும் நின்றது.

அக்கலை அடியோடு அழிந்துவிட்டதா? இல்லை. பெரியவர்கள் படகு கட்டியதை இளமையில் கண்ட பெர்னாண்டோ லிப்ராடோ என்ற சுமாஷ் முதியவர் இருந்தார். ஜான் ஹாரிங்டன் என்ற மொழியியலார் கேட்கக் கேட்க, அவர் செய்முறை முழுவதையும் கூறினார். ஒரு படகையும் கட்டிக் காட்டினார். 1915ல் அவர் மறைந்தார். குறிப்புகள் நிலைத்தன.

அக்குறிப்புகளைக் கொண்டு 1976ல் 'ஹெலெக்' என்ற தொமோல் உருவாயிற்று. 1997ல் சுமாஷ் மக்கள் 'எல்யெவுன்' என்ற மற்றொன்றைக் கட்டினர். 'வாள்மீன்' என்பது இதன் பொருள். 2001ல் அதில் துடுப்புப் போட்டு, தம் முன்னோர் வாழ்ந்த சாண்டா குரூஸ் தீவை அடைந்தனர். நூறாண்டுகளுக்கு மேல் நின்றிருந்த பயணம் அன்று மீண்டும் தொடங்கியது. 2024ல் அக்கரையோரக் கடலின் ஒரு பகுதி சுமாஷ் பெயரிலேயே பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவிக்கப்பட்டது.

படகு மக்கிப்போகும், செய்முறை எழுத்தில் இருந்தால் மீண்டும் பிறக்கும். உங்கள் ஊரிலும் வலை பின்னும், கட்டுமரம் கட்டும், ஏற்றம் இறைத்த தாத்தாக்கள் இருப்பார்கள். இந்த விடுமுறையில் ஒரு நோட்டுடன் அவர்களிடம் செல்லுங்கள். எந்த மரம், எந்த முடிச்சு, ஏன் என்று கேட்டு எழுதி வையுங்கள்.