நிலைக்கொடையாளரின் வரவும் செலவும்

குருதிக்கொடையைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அதன் புண்ணியத்தை மாத்திரம் எடுத்துரைத்து அமைகின்றனர். ஒருமுறை கொடுத்துவிட்டுப் போவார்க்கு அது போதும். ஆண்டுதோறும் தவறாது கொடுத்துவரும் நிலைக்கொடையாளர்க்கோ அதன் வரவையும் செலவையும் உள்ளவாறு அறிதல் இன்றியமையாதது. ஆதலின் அதனை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

நம் நாட்டு விதிகளின்படி கொடையாளர் வயது 18க்குக் குறையாமலும் 65க்கு மேற்படாமலும் இருத்தல் வேண்டும். எடை 45 கிலோகிராமேனும் வேண்டும். ஹீமோகுளோபின் நூறு மில்லிலிட்டருக்கு 12.5 கிராமிற் குறைதல் கூடாது. ஆடவர் 90 நாட்களுக்கு ஒருமுறையும் மகளிர் 120 நாட்களுக்கு ஒருமுறையும் கொடுக்கலாம். வழக்கமாக எடுக்கப்படுவது 350 மில்லிலிட்டர். எடை 55 கிலோகிராமுக்கு மேற்பட்டவரிடம் 450 வரை எடுப்பதுண்டு.

இத்துணை இடைவெளி எதற்கு? இழந்த நீர்ப்பகுதி ஓரிரு நாளில் மீளும். சிவப்பணுக்கள் ஒன்றிரண்டு மாதங்களில் நிரம்பும். இரும்புச்சத்து மட்டும் அவ்வளவு விரைவில் மீள்வதில்லை. 450 மில்லிலிட்டர் குருதியோடு ஏறக்குறைய 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு போய்விடுகின்றது. உணவினின்று உடல் நாள்தோறும் ஏற்றுக்கொள்வதோ ஒன்றிரண்டு மில்லிகிராமே. அதிலும் பெரும்பகுதி அன்றாடக் கழிவுக்கே ஈடாகும். கணக்கறிந்த மாணவர் இதனைத் தாமே வகுத்துப் பார்க்கலாம். ஹீமோகுளோபின் சரியாயிருந்தும் உடலின் இரும்புச் சேமிப்பு வறண்டிருத்தல் கூடும். படியேறும்போது மூச்சு வாங்குதலும் காரணமறியாத சோர்வும் அதன் குறிகள். முகாமில் விரல் நுனியிற் குத்திச் செய்யும் பரீட்சை இதனைக் காட்டாது. பெரிட்டின் என்னும் அளவைப் பார்த்தலே அறியும் வழி. மாதந்தோறும் குருதி இழக்கும் பெண்மக்கள் இதில் இரட்டிப்புக் கவனம் கொள்க.

கம்பும் கீரையும் பயறும் உண்டு, உடன் நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்த்துக்கொள்வது நன்று; உண்டவுடன் தேநீர் பருகின் இரும்பு உடலிற் சேர்வது குறையும். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா இனியதேயாயினும் இவ்விஷயத்தில் உதவுவதன்று. பாலிலுள்ள சுண்ணாம்புச்சத்து இரும்பைச் சற்றுத் தடுப்பதே. இராஜபாளையம் நூற்பாலைகளில் இரவுமுறை முடித்து, உறக்கமின்றி வெறுவயிற்றோடு கொடுக்க வருவார் மயங்கி விழுதல் வியப்பன்று. அன்னார் உறங்கி, உண்டு, நீர் பருகி மறுநாள் வருவதே முறை.

முன்னாளில் குருதியை விலைக்கு விற்பாரும் இருந்தனர். உச்ச நீதிமன்றத்தின் 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பின் பயனாய் 1998 ஜனவரி 1 முதல் அவ்வழக்கம் நம் தேசத்தில் தடுக்கப்பட்டது. அதன்பின் பொறுப்பு முழுதும் விரும்பிக் கொடுப்பார் தலைமேல் ஏறிற்று. சிவப்பணுக்கள், சேர்க்கும் மருந்துக்கேற்ப, 35 அல்லது 42 நாட்களே இருக்கும். தட்டணுக்களுக்கு 5 நாளே ஆயுள். ஆகவே விழா நாளொன்றில் நூறு பேர் கூடிக் கொடுத்துவிட்டுக் கலைவதினும், அந்நூறு பேரும் ஆண்டு முழுதும் முறைவைத்துக் கொடுப்பதே மேலென்பது நமது கருத்து. கல்லூரிகள் மூடியிருக்கும் கோடையிலும் பிரசவங்கள் நிற்பதில்லை. சிவகாசி, சாத்தூர்ப் பக்கத்துப் பட்டாசு ஆலைகளில் வெடிவிபத்தும் காலம் பார்த்து வருவதில்லை.

இனி, சொல்லாமல் விடலாகாத செய்தி ஒன்று. 2018 டிசம்பரில் நம் மாவட்டத்துச் சாத்தூர் அரசு ஆஸ்பத்திரியில் கருவுற்ற பெண்ணொருவர்க்குச் செலுத்திய குருதியில் எச்.ஐ.வி. கிருமி இருந்தது. அதனைக் கொடுத்த இளைஞர் உறவினர் ஒருவர் பொருட்டுச் சிவகாசியிற் கொடுத்தவர். பின்னர் வெளிநாட்டு வேலைக்கான மருத்துவப் பரீட்சையில் தம் நிலையறிந்து, தாமே திரும்பிச்சென்று அதனைத் தெரிவித்தார். அதற்குள் குருதி செலுத்தப்பட்டாயிற்று. 2016இலேயே அவர் கொடுத்த குருதியில் நோய் காணப்பட்டிருந்தும் அச்செய்தி அவருக்கு எட்டவில்லை என்பது பின்னர் வெளியாயிற்று. அம்மாத முடிவிற்குள் அவ்விளைஞர் இறந்தார். அப்பெண்ணுக்கு 2019 ஜனவரியில் மதுரையிற் பிறந்த மகவு நோயின்றி இருப்பதாகப் பின்னர்ப் பரீட்சையில் தெரிந்தது. அவ்விளைஞர் வாய்மூடி இருந்திருப்பின் யாரும் அறியார். அவர் அங்ஙனம் இருக்கவில்லை என்பதை இவ்வட்டாரத்தார் போதிய அளவு நினைப்பதில்லை.

இதனால் நிலைக்கொடையாளர் அறியத்தக்கன சில உள. கொடுத்த ஒவ்வொரு குருதியும் எச்.ஐ.வி., இருவகை மஞ்சட்காமாலைக் கிருமிகள், மேகநோய், மலேரியா ஆகியவற்றுக்காகப் பரீட்சிக்கப்படல் வேண்டும் என்பது விதி. ஆயினும் தொற்றிய தொடக்க நாட்களில் கிருமி பரீட்சைக்கு அகப்படாது ஒளிந்திருக்கும் காலம் ஒன்றுண்டு. ஆகையால் வினாத்தாளில் நாம் எழுதும் உண்மையே முதற் பரீட்சை. நோயிருக்கிறதா என்று அறிதற்பொருட்டுக் குருதி கொடுப்பது தகாது. அதற்கு இலவசமாய்ப் பரீட்சிக்கும் நிலையங்கள் அரசு ஆஸ்பத்திரிகளில் உள்ளன. முகவரியும் தொலைபேசி எண்ணும் பிழையின்றிக் கொடுத்து, முடிவைக் கேட்டறிதல் கொடையாளரின் உரிமை. காய்ச்சல், அண்மையிற் குத்திய பச்சை, உட்கொள்ளும் மருந்து முதலியவற்றால் திருப்பியனுப்பப்படுவோர் மானக்குறைவாய் எண்ணுதல் பேதைமை.

மற்றவை சிறியன. ஊசி எடுத்தபின் முழங்கையை மடக்கிக்கொள்வது நம்மிற் பலர் வழக்கம். அதனாலேயே கன்றிப்போதல் மிகும். இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் நெய்யும் மருத்துவத் துணியோ பஞ்சோ எது கொடுப்பினும், கையை நீட்டியபடியே அதனைச் சில நிமிஷம் அழுத்திப் பிடிக்க வேண்டும். அன்று அக்கையால் நீர்க்குடம் தூக்கலாகாது.