வயல் நீர் போகும் வழி

நெல் வயலுக்கு நீர் கொண்டுவரும் வாய்க்காலை நாம் எல்லோரும் அறிவோம். வயலின் மறுபுறம் தாழ்வாக ஓடும் வடிகாலை யாரும் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. வயலில் மிகுந்த நீர் அதன் வழியாகவே ஆற்றைச் சேர்கிறது. அந்நீரோடு செல்லும் ஒன்றைப் பற்றி இங்கு ஆராய்வோம்.

களை எடுக்க ஆள் கிடைப்பது அரிதாகிவிட்டதால் உழவர்கள் களைக்கொல்லியை நாடுகின்றனர். ஆனால் இட்ட மருந்து முழுவதும் களையைச் சேர்வதில்லை. ஒரு பகுதி நீரில் கரைந்து நிற்கும். ஒரு பகுதி மண் துகள்களில் ஒட்டிக்கொள்ளும். வெயிலும் மண்ணிலுள்ள நுண்ணுயிர்களும் அதைச் சிறிது சிறிதாகச் சிதைக்கும். சில மருந்துகள் ஆவியாகிப் போவதும் உண்டு. இதற்கெல்லாம் நாட்கள் வேண்டும். அதற்குள் மழை பெய்து வரப்பு வழிந்தாலோ, நாமே மடையைத் திறந்துவிட்டாலோ மருந்து வடிகாலில் கலந்துவிடும்.

இதன் விளைவை அமெரிக்காவிலுள்ள கலிபோர்னியா மாநிலம் நேரில் கண்டது. அங்கே சாக்ரமெண்டோ ஆற்றுச் சமவெளியில் நெல் பயிராகிறது. 1980-களின் தொடக்கத்தில், மோலினேட் என்னும் களைக்கொல்லி கலந்த வடிகால் நீரில் கெண்டை இன மீன்கள் ஆயிரக்கணக்கில் செத்து மிதந்தன. தயோபென்கார்ப் என்னும் மற்றொரு மருந்தினால், ஆற்றின் கீழே உள்ள சாக்ரமெண்டோ நகரத்தின் குடிநீர் கசந்தது.

அவர்கள் கண்ட வழி எளியது. மருந்து இட்டபின் நீரை வெளியே விடாமல் வயலிலேயே நிறுத்திவைக்க வேண்டும் என்று விதித்தார்கள். முதலில் சில நாட்களாக இருந்த அந்தக் காலம் படிப்படியாக நீண்டு, ஏறத்தாழ நான்கு வாரமாயிற்று. வயலிலேயே மருந்து சிதைந்ததால் வடிகாலில் அதன் அளவு வெகுவாகக் குறைந்தது. மீன்கள் மடிவதும் நின்றது. மோலினேட் 2009-ஆம் ஆண்டோடு அந்நாட்டில் பயன்பாட்டிலிருந்தே நீங்கியது.

நம் ஊரில் நடவு முடிந்த மூன்றாம் நாள் பியூட்டாகுளோரை உலர்ந்த மணலோடு கலந்து, சிறிதளவு நீர் நிற்கும் வயலில் தூவுவார்கள். அதன்பின் இரண்டு மூன்று நாட்களுக்கு நீரை வடிக்கக் கூடாது என்பார்கள். மருந்து நன்கு வேலை செய்வதற்காகச் சொல்லப்படும் இவ்விதி வடிகாலையும் காக்கிறது.

எங்களில் பலர் உழவர் வீட்டுப் பிள்ளைகள். மருந்து இடுமுன் வரப்பிலுள்ள நண்டு வளைகளை அடைக்கலாம்; மேகம் கருத்திருந்தால் ஒருநாள் பொறுக்கலாம்; தெளிப்பானை வாய்க்காலில் கழுவாதிருக்கலாம். இவற்றை வீட்டில் எடுத்துச் சொல்ல எங்களால் முடியும். அந்த வடிகாலில்தான் எங்கள் ஆடுமாடுகள் நீர் அருந்துகின்றன. மேல்மடைக்காரர் வடிக்கும் நீரே கீழ்மடைக்காரர் பாய்ச்சும் நீர் என்பதை நாம் மறக்கலாகாது.