தீயில்லாமல் கருகும் மரம்

மாணவர்களே, பூத்துக் குலுங்கிய ஆப்பிள் மரம் ஒன்று சில நாள்களிலேயே தீயில் வாட்டியதுபோல் கருகி நிற்பதைக் கற்பனை செய்து பாருங்கள். இளந்தளிரின் நுனி கைத்தடியின் பிடிபோல வளைந்து தொங்கும். இதுவே தீக்கருகல் நோய். ஆப்பிளையும் பேரிக்காயையும் தாக்கும் இந்நோய்க்குக் காரணம் எர்வினியா அமைலோவோரா என்னும் பாக்டீரியா. அமெரிக்க அறிவியலாளர் தாமஸ் பரில் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இதைக் கண்டறிந்தார். பாக்டீரியாவால் தாவரங்களுக்கும் நோய் வரும் என்பதை முதலில் காட்டியது இந்நோய்தான்.

எப்படிப் பரவுகிறது?

குளிர்காலத்தில் இந்தப் பாக்டீரியா கிளைகளில் உள்ள புண்களின் ஓரத்தில் தங்கியிருக்கும். வசந்தத்தில் புண்ணிலிருந்து பிசுபிசுப்பான நீர் கசியும். பூச்சிகளும் மழைத்துளிகளும் அதைப் பூக்களுக்குக் கொண்டு செல்லும். பிறகு தேனீக்கள் பூவுக்குப் பூ பரப்பிவிடும். சூல்முடியில் பெருகும் பாக்டீரியா, மழை ஈரத்தில் பூவின் அடிப்பகுதிக்கு இறங்கி மரத்துக்குள் நுழையும்.

எப்படிக் கட்டுப்படுத்துவது?

கருகிய பகுதியை மட்டும் வெட்டினால் போதுமா? போதாது. நாம் கருகலைப் பார்க்கும்போதே, பச்சையாகத் தெரியும் பகுதிக்குள்ளும் பாக்டீரியா இறங்கியிருக்கும். அதனால் கருகலுக்கு 20 முதல் 30 செ.மீ. கீழே, நல்ல கிளையில் வெட்ட வேண்டும். தயங்கினால் நோய் அடிமரத்தை எட்டி, மரமே பட்டுப்போகலாம்.

மழையில்லாத நாளில் வெட்டுவது நல்லது. கத்தரிக்கோலை ஆல்கஹாலில் துடைத்துக்கொள்ள வேண்டும். குளிர்காலத்தில் புண்ணுள்ள கிளைகளைத் தேடி அகற்ற வேண்டும். நைட்ரஜன் உரம் மிகுந்தால் இளந்தளிர்கள் பெருகி நோய்க்கு எளிதில் இடங்கொடுக்கும். எனவே அளவோடு இட வேண்டும்.

மருந்து இல்லையா?

காசநோய்க்குத் தரப்படும் ஸ்ட்ரெப்டோமைசினைப் பூக்கும் பருவத்தில் தெளிப்பார்கள். அது பூக்களைக் காக்கும்; கருகிய கிளையைக் குணப்படுத்தாது. கலிபோர்னியாவின் பேரிக்காய்த் தோட்டங்களில் 1970-களிலேயே அம்மருந்துக்கு அடங்காத பாக்டீரியா தோன்றிவிட்டது.

நமக்கென்ன என்று எண்ண வேண்டாம். எர்வினியா பேரினத்தைச் சேர்ந்த இன்னொரு பாக்டீரியா, மலேசியாவின் பப்பாளித் தோட்டங்களில் மரங்களை நுனியிலிருந்து அழுகச் செய்து சாகடித்துள்ளது.

சிந்திக்க: ஒரே மருந்தை ஆண்டுதோறும் தெளித்தால், அதற்கு அடங்காத பாக்டீரியா ஏன் பெருகுகிறது? விடையை உங்கள் அறிவியல் குறிப்பேட்டில் எழுதிப் பாருங்கள்.