பாலக் கீரையும் பத்தில் ஒரு பங்கும்

"ஆற்றங்கரைக் கீரையில் உலோகம் என்று பேப்பரில் போட்டிருக்கிறானே, நீங்க லாபில் இருந்தவராச்சே, குழந்தைக்குக் கொடுக்கலாமா?" எதிர்வீட்டு மாமி பேரனுக்குத் தினமும் பாலக் மசித்துக் கொடுப்பவர். ஒரு வரியில் பதில் சொல்ல என்னால் முடியவில்லை.

செய்தியில் இருந்த எண், ஒரு கிலோ கீரையில் 2 மில்லிகிராம் காட்மியம். இலைக் கீரைகளுக்குச் சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் வைத்துள்ள வரம்பு 0.2. பத்து மடங்கு! ஆனால் எந்தக் கீரையில் ஒரு கிலோ? அங்கேதான் சிக்கல்.

சோதனைச் சாலையில் கீரையைக் கழுவி, உலர்த்தி, பொடியாக்கி, நைட்ரிக் அமிலத்தில் கரைக்கிறோம். கரைசலைச் சுடருக்குள் தெளித்து, காட்மியம் விளக்கின் 228.8 நானோமீட்டர் ஒளியை அதன் ஊடே செலுத்தினால், காட்மியம் அணுக்கள் அதில் ஒரு பகுதியை விழுங்கிவிடும். விழுங்கிய அளவே கணக்கு. ஆஸ்திரேலியாவில் ஆலன் வால்ஷ் 1955-இல் வெளியிட்ட முறை இது. ஒரு கிராம் பொடியை 25 மில்லியாகக் கரைத்து, கருவி லிட்டருக்கு 0.08 மில்லிகிராம் என்று காட்டினால், பொடியில் இருப்பது கிலோவுக்கு 2 மில்லிகிராம். ஆனால் பச்சைப் பாலக்கில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். ஆகவே கடையில் வாங்கும் கீரையில் அது ஏறக்குறைய 0.2தான். கோடெக்ஸ் வரம்பு பச்சைக் கீரைக்கு; செய்தியின் எண் பெரும்பாலும் உலர்ந்த பொடிக்கு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டால் யாருக்கும் வயிறு கலங்கும்.

(கருவியையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடாது. கீரையே போடாத வெறும் அமிலத்தில் ஒருமுறை எங்களுக்கு ஈயம் வந்தது. பெட்ரோலில் ஈயம் கலந்த காலம் அது. குடுவைகளைச் சாலைப் பக்க ஜன்னலோரம் உலர்த்தியதுதான் காரணம்!)

"அப்போ பயமில்லை, கழுவினால் போதும்?" என்றார் மாமி. அதுவும் இல்லை. இலைமேல் படிந்த தூசியின் ஈயம் கழுவினால் பெருமளவு போகும். காட்மியம் அப்படியல்ல. துத்தநாகத்தின் சாயல் கொண்டதால் வேர் அதையும் சேர்த்து உறிஞ்சி இலைக்கு அனுப்பிவிடுகிறது. மண் புளிப்பாக இருந்தால் இன்னும் அதிகம். நம் சிறுநீரகத்தில் அது பல வருடங்கள் தங்கும். ஜப்பானில் ஜின்சு நதியோரம் சுரங்கக் கழிவு கலந்த நீரில் விளைந்த அரிசியைத் தின்றவர்களுக்கு எலும்பு நொறுங்கும் நோய் வந்தது. காட்மியமே காரணம் என்று அந்நாட்டு அரசு 1968-இல் ஒப்புக்கொண்டது.

இனி பேரன் கணக்கு. எடை 15 கிலோ. உணவு நச்சுகளை ஆராயும் சர்வதேச நிபுணர் குழு 2010-இல் வகுத்தபடி, உடல் எடையில் கிலோவுக்கு மாதம் 25 மைக்ரோகிராம் காட்மியம் வரை பொறுக்கலாம். அவனுக்கு 375. வரம்பைத் தொடும் கீரை தினம் 100 கிராம் என்றால் மாதம் 600! வாரம் இரண்டு நாள் என்றால் 175க்குள். அரிசி, கோதுமை வழியாக வருவது இதற்கு மேல்.

"முளைக்கீரை, வெந்தயக்கீரை என்று மாற்றிக் கொடுக்கலாமா?" எல்லாம் ஒரே கரையில் விளைந்தால் பெயர் மாற்றிப் பயனில்லை என்றேன். பூசணி, வெண்டை போன்ற காய்களில் இலையைவிடக் காட்மியம் பொதுவாகக் குறைவு. மறுநாள் மாமி கீரைக்காரனிடம் எந்தத் தண்ணீர் பாய்ச்சுகிறாய் என்று கேட்டாராம். "போர் தண்ணி மாதாஜி" என்றானாம். வாங்கி வந்தாரா என்று நான் கேட்கவில்லை.