முன் வீல் மாறினால் வண்டி மாறுமா?

கேள்வி: ஐயா, என்னிடம் 1995-இல் வாங்கிய யமஹா ஆர்.எக்ஸ். 100 இருக்கிறது. முன் ரிம் துருப்பிடித்து, இரண்டு முறை கோட்டம் எடுத்தும் ஆட்டம் நிற்கவில்லை. ஒரிஜினல் வீல் கிடைப்பது கஷ்டம், வேறு கம்பெனி வண்டியின் 17 இஞ்ச் அலாய் வீலை டிஸ்க் பிரேக், ஃபோர்க்கோடு சேர்த்து மாட்டிவிடலாம் என்கிறார் மெக்கானிக். ஆர்.சி. புத்தகத்தில் டயர் சைஸே இல்லை, அதனால் சட்டச் சிக்கல் வராது என்றும் சொல்கிறார். மாட்டலாமா? – வாசகர், மாட்டுத்தாவணி, மதுரை.

பதில்: உங்கள் மெக்கானிக் சொல்வதில் பாதி சரி. சொந்த உபயோகத்துக்கான டூவீலரின் ஆர்.சி.யில் டயர் அளவு பதியப்படுவதில்லை. லாரி, பஸ் போன்ற வாடகை வண்டிகளுக்குத்தான் அந்த விவரம் கேட்கப்படுகிறது. ஆனால் அதே புத்தகத்தில் 'வீல் பேஸ்' என்று ஒரு வரி இருக்கும். முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் இடையே உள்ள தூரம் அது. உங்கள் வண்டிக்குக் கம்பெனி கொடுத்த அளவு 1,240 மில்லிமீட்டர். வீலை மட்டும் மாற்றினால் இந்தத் தூரம் பெரும்பாலும் அப்படியே இருக்கும். ஃபோர்க்கையும் மாற்றினால் அதன் நீளமும் சாய்வும் வேறாகி, தூரமும் மாறும். 'வீல் மாற்றலாமா' என்று ஒரே கேள்வியாகக் கேட்டிருக்கிறீர்கள். சட்டத்தின் கண்ணில் இவை இரண்டு கேள்விகள், பதில்களும் வேறு வேறு.

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆவது பிரிவுதான் இதற்கு அடிப்படை. ஆர்.சி.யில் உள்ள விவரங்கள், உற்பத்தியாளர் முதலில் குறித்த விவரங்களோடு முரண்படும்படி வண்டியை உரிமையாளர் மாற்றக்கூடாது என்பது 2000-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் அதன் சாரம். அந்தப் பிரிவின் விளக்கம் இன்னொன்றும் சொல்கிறது: வண்டியின் அடிப்படைத் தன்மையே மாறும்படி அதன் கட்டமைப்பில் செய்யும் மாறுதல்தான் 'மாற்றம்'. இந்த இரண்டையும் சேர்த்துப் படித்தால், தேய்ந்த ரிம்மை எடுத்துவிட்டு அதே 18 இஞ்ச் அளவில், அதே டிரம் பிரேக்கோடு வேறு ரிம் போடுவது மாற்றமே அல்ல, பழுதுபார்ப்பு. அந்த ரிம்மில் யமஹாவின் பெயர் இருக்க வேண்டும் என்று எந்த விதியும் கேட்கவில்லை. அளவு, சுமை தாங்கும் திறன், பிரேக் வகை மூன்றும் ஒத்திருந்தால் கம்பெனிப் பெயர் வேறாக இருப்பது குற்றமாகாது. பழைய வண்டி வைத்திருக்கும் பலரும் காரணமில்லாமல் பயப்படும் இடம் இதுதான்.

டிஸ்க், ஃபோர்க், 17 இஞ்ச் அலாய் மூன்றும் ஒன்றாக வரும்போது கதை வேறு. 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் அருண் மிஸ்ரா, வினீத் சரண் அமர்வு, கேரளத்திலிருந்து வந்த கே. ஜெயச்சந்திரா வழக்கில் இந்தப் பிரிவுக்குப் பொருள் கூறியது. வண்டியின் நிறம் போன்றவற்றை விதிப்படி மாற்றிப் பதிந்துகொள்ளலாம், ஆனால் ஆர்.சி.யில் பதிவதற்காக உற்பத்தியாளர் குறித்துக் கொடுத்த மூல விவரங்களை மாற்றும்படி வண்டியை மாற்ற முடியாது என்பது தீர்ப்பின் சாரம். வீல் பேஸ் அப்படிப்பட்ட ஒரு விவரம். ஆகவே அதை மாற்றும் ஃபோர்க்கை மாட்டிவிட்டு, 'ஆர்.டி.ஓ. ஆபீசில் எழுதிக் கொடுத்துப் பதிந்துகொள்ளலாம்' என்று நம்புவதற்கு இந்தத் தீர்ப்புக்குப் பிறகு இடமில்லை. வண்டி 1995-இல் பிறந்தது, திருத்தம் 2000-இல்தானே வந்தது என்று நீங்கள் கேட்கலாம். சட்டம் வண்டியின் பிறந்த தேதியைப் பார்ப்பதில்லை. மாற்றம் செய்யப்படும் நாளில் எது சட்டமோ அதுதான் பொருந்தும்.

டிஸ்க் டிரம்மைவிட நன்றாகப் பிடிக்குமே, பாதுகாப்பைக் கூட்டுகிற வேலையைச் சட்டம் ஏன் தடுக்க வேண்டும் என்ற வாதம் வலுவானது; அதைத் தட்டிக்கழிக்க மாட்டேன். ஆனால் பிரேக்கின் வேலை வீலோடு முடிவதில்லை. டிஸ்க் பிடிக்கும்போது எழும் விசை ஃபோர்க் குழாய் வழியே ஏறி, ஹேண்டில் பாருக்குக் கீழே சேசிஸோடு சேரும் கழுத்தில் போய் இறங்குகிறது. டிரம் பிரேக்குக்குக் கணக்கிட்டுச் செய்த அந்தக் கழுத்து முப்பது வருடம் ஓடிய பின் எவ்வளவு தாங்கும் என்பதைக் கையால் ஆட்டிப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. அதனால்தான் மத்திய மோட்டார் வாகன விதிகளின் 126-ஆவது விதி, ஒரு மாடலை முழு வண்டியாகச் சோதித்துச் சான்று பெறச் சொல்கிறது. புனேயின் ஏ.ஆர்.ஏ.ஐ., நம் ஒரகடத்தில் உள்ள ஆய்வு மையம் போன்றவை இந்தச் சோதனைகளைச் செய்பவை. நல்ல பிரேக்கையும் நல்ல சேசிஸையும் தனித்தனியே வாங்கிச் சேர்த்தால் அது நல்ல வண்டி ஆகிவிடும் என்று யாரும் சான்று தருவதில்லை. இதோடு ஒரு சின்ன விஷயம்: உங்கள் ஸ்பீடோமீட்டர் கேபிள் முன் வீல் ஹப்பில் உள்ள பினியனிலிருந்துதான் சுற்றுகிறது. வேறு கம்பெனி வீலில் அந்தப் பினியன் பொருந்தாவிட்டால் மீட்டர் படுத்துவிடும். ஓடும் ஸ்பீடோமீட்டர் இருக்க வேண்டும் என்பதும் ஒரு விதி, 117-ஆவது.

1996-இல் தயாரிப்பு நின்றுபோன வண்டிக்கு ஒரிஜினல் பாகம் எங்கே தேடுவது, கிடைக்காததைக் கேட்பது நியாயமா என்பது அடுத்த ஆட்சேபம். மேலே சொன்னபடி சட்டம் கம்பெனி பாக்கெட்டைக் கேட்கவில்லை, அளவைத்தான் கேட்கிறது. உங்கள் ஹப் நன்றாக இருந்தால் 18 இஞ்ச் ரிம் வாங்கி, புது ஸ்போக் கட்டி, கோட்டம் எடுத்துக்கொள்ளலாம். ஆர்.எக்ஸ். 100-ஐ இன்றும் ஓட்டுகிறவர்கள் ஏராளம் என்பதால் அந்த அளவில் ரிம் சந்தையில் கிடைக்காமல் போகவில்லை. டிஸ்க் ஆசைதான் மெக்கானிக்கின் யோசனைக்குக் காரணமே தவிர, பாகம் கிடைக்காதது அல்ல என்று எனக்குத் தோன்றுகிறது.

'போலீஸ் சைலன்சரையும் நம்பர் பிளேட்டையும்தான் பார்க்கிறார்கள், முன் வீலை யார் அளக்கப் போகிறார்கள்' என்ற பேச்சையும் கேட்டிருப்பீர்கள். மேலூர் ரோட்டில் வண்டியை நிறுத்தும் காவலர் அளக்க மாட்டார், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அளப்பதற்கு இரண்டு நாட்கள் உண்டு. ஒன்று, ஆர்.சி. புதுப்பிக்கும் நாள். பதினைந்து ஆண்டு தாண்டிய வண்டி ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை பிரேக் இன்ஸ்பெக்டர் முன் நிற்க வேண்டும். மாற்றத்தைக் கண்டால் அவர் புதுப்பிக்க மறுக்கலாம். மற்றது, விபத்து நடந்த நாள். வழக்குப் பதிவானால் வண்டி மோட்டார் வாகன ஆய்வாளரிடம் போகும். விபத்துக்கு இயந்திரக் கோளாறு காரணமா என்று அவர் எழுதும் அறிக்கை குற்ற வழக்கிலும் இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலும் ஆவணமாக வரும். அதில் 'முன் ஃபோர்க்கும் வீலும் மாற்றப்பட்டவை' என்று ஒரு வரி இருந்தால், எதிரே வந்தவர் மேல் தப்பிருந்தாலும் உங்கள் பங்கும் உண்டு என்று எதிர்த்தரப்பு வக்கீல் அந்த வரியைப் பிடித்துக்கொள்வார். அடிபட்டது நீங்களே என்றால் உங்கள் இழப்பீட்டில் ஒரு பகுதி அங்கே போய்விடலாம்.

தண்டனையும் சின்னதல்ல. 2019 செப்டம்பர் 1 முதல் அமலில் உள்ள 182-ஏ பிரிவின் நான்காம் உட்பிரிவுப்படி, அனுமதிக்கப்படாத மாற்றம் செய்த உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். 'ஒவ்வொரு மாற்றத்துக்கும்' என்ற சொல்லைக் கவனியுங்கள்: வீல் ஒன்று, ஃபோர்க் ஒன்று என்று எண்ண அது இடம் தருகிறது. பிரிவு உரிமையாளரைத்தான் குறிக்கிறது. ஸ்பேனர் பிடித்த மெக்கானிக் அந்த உட்பிரிவில் இல்லை.

இன்ஷூரன்ஸ் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் அதைப் பற்றி உலவும் பயம் மிகையானது. வண்டியை மாற்றியதாலேயே மூன்றாம் நபர் காப்பீடு செல்லாமல் போய்விடாது. அடிபட்ட மூன்றாம் நபருக்குப் பணம் கொடுக்காமல் தப்பிக்க கம்பெனி என்னென்ன காரணம் சொல்லலாம் என்று 150-ஆவது பிரிவு வரையறுத்திருக்கிறது. லைசென்ஸ் இல்லாமை, பந்தயம், வாடகைக்கு ஓட்டியது போன்றவை அதில் உண்டு. வீல் மாற்றியது இல்லை. உங்கள் வண்டிக்கான சொந்தச் சேதக் காப்பீடு என்றால் கம்பெனி தகராறு செய்யலாம். நிபந்தனை மீறலுக்காக முழுத் தொகையையும் மறுக்காமல் 75 சதவீதம் கொடுக்கும்படி உச்ச நீதிமன்றம் 2010-இல் அமலேந்து சாஹு வழக்கில் சொன்னதை அப்போது காட்டலாம். ஆனால் முப்பது வயது வண்டிக்கு எத்தனை பேர் அந்தப் பாலிசி எடுக்கிறார்கள்?

வழக்காடும் கண்ணோடு பார்த்தால், ஃபோர்க்கைத் தொடாமல் அலாய் வீலை மட்டும் மாட்டியவருக்கு நல்ல வாதம் உண்டு. டயர் அளவு ஆர்.சி.யில் இல்லை, வீல் பேஸ் மாறவில்லை, கட்டமைப்பும் மாறவில்லை. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதே மேலூர் ரோட்டில்தான் இருக்கிறது. இந்த வாதம் அங்கே எடுபடவும் கூடும். ஆனால் ஒரு ரிம்முக்காக ரிட் மனு போடும் நிலைக்கு நீங்கள் ஏன் போக வேண்டும்?

ஆகவே 18 இஞ்ச் ரிம்மும் டிரம்முமாகவே கட்டச் சொல்லுங்கள். பில்லில் வண்டி நம்பர், ரிம் அளவு, தேதி மூன்றும் எழுதி வாங்கி ஆர்.சி.யோடு வையுங்கள். வேறு வண்டியின் பழைய டிரம் வீல் கிடைத்து அதை மாட்டுவதாக இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். பிரேக் ஷூக்களைத் தாங்கும் பிளேட்டில் ஒரு காடி இருக்கும். ஃபோர்க்கின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் முளை அந்தக் காடிக்குள் உட்கார வேண்டும். பிரேக் பிடிக்கும்போது பிளேட் சுற்றாமல் நிறுத்துவது அந்த முளைதான். காடி பொருந்தவில்லை என்று அரத்தால் ராவி, கம்பி போட்டுக் கட்டினால், ஒரு அழுத்தமான பிரேக்கில் பிளேட் சுழன்று கேபிளை இழுத்து வீலையே பூட்டிவிடும். அப்படி உட்காராத வீலைப் பாதி விலைக்குத் தந்தாலும் வாங்காதீர்கள்.