செயலின் பின்னே மறைந்து நிற்கும் கருத்து

ஒருவர் செய்த செயலை ஊரார் அனைவரும் காண்பர். அச்செயலை ஈன்ற கருத்தை எவரும் காண்பதில்லை. பல வேளைகளில் செய்தவரே காண்பதில்லை. ஆயினும் உயிரில் வினை ஊறுவது செயலின் புறவடிவை மட்டும் பற்றியன்று, அதன் பின்னே நின்ற கருத்தைப் பற்றியே என்பது நம் ஆகமங்களின் துணிபு. ஒரே செயலைச் செய்த இருவருள் ஒருவருக்கு வினை இறுகக் கட்டுவதும் மற்றவருக்கு மெலிதாகக் கட்டுவதும் இதனாலேயே ஆகும். ஆதலின் மறைந்த கருத்தைத் தேடி அறிதல் சாவகராகிய நமக்குப் பொழுதுபோக்கான ஆராய்ச்சி அன்று. நாம் பல்லாண்டுகள் ஆசிரியப் பணி புரிந்த போடிநாயக்கனூரையும், அதன் மேற்கே எழும் ஏலமலைச் சரிவுகளையும் கொண்டு இதனை விளக்க முற்படுகிறோம். பழகிய இடத்தில் பாடம் எளிதாகும் என்பது பழைய ஆசிரியர்களின் நம்பிக்கை.

உமாசுவாமி முனிவர் அருளிய தத்துவார்த்த சூத்திரத்தின் 6-ஆம் அத்தியாயம் ஊற்றினை, அதாவது ஆஸ்ரவத்தைப் பற்றியது. அங்கே உயிரைச் சார்ந்த வினைவாயில்கள் கணக்கிடப்படுகின்றன. செய்யக் கருதுதல், செய்தற்கு வேண்டுவன திரட்டுதல், செய்யத் தொடங்குதல் என நிலைகள் மூன்று. மனம், சொல், உடல் எனக் கருவிகள் மூன்று. தான் செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், பிறர் செய்ததற்கு உடன்படல் என வழிகள் மூன்று. வெகுளி, செருக்கு, மாயம், உலோபம் எனக் கஷாயங்கள் நான்கு. இவற்றைப் பெருக்கினால் 108 வரும். செபமாலையின் மணிகள் 108 ஆனதற்கு நம் பெரியோர் கூறும் காரணமும் இதுவே.

இந்தக் கணக்கைச் சற்று நின்று நோக்க வேண்டும். தானே, தன் உடலால், செயலைத் தொடங்கிச் செய்வது ஒன்றே ஊரார் கண்ணுக்கு நன்கு புலப்படும் வகை. நான்கு கஷாயங்களுக்கும் ஒவ்வொன்றாக அவ்வகையில் அடங்குவன 4 மட்டுமே. எஞ்சிய 104 வாயில்களும் கருதியது, திரட்டியது, சொல்லியது, ஏவியது, பிறர் செய்தது கண்டு உள்ளூர மகிழ்ந்தது எனப் பெரும்பாலும் மறைவிலேயே நிற்கின்றன. வெளிப்பட்ட அந்த 4-லும் தூண்டியது வெகுளியா, செருக்கா என்பது பார்ப்பவர்க்குத் தெரிவதில்லை. பேரப் பிள்ளைகளுக்கு இப்பெருக்கலைச் சிலேட்டில் போட்டுக் காட்டுங்கள். வாய்பாட்டை வெறுக்கும் பிள்ளையும் இதனை மறவாது.

நம் இல்லங்களில் நன்கறியப்பட்ட யசோதர காவியத்தின் மாக்கோழி நிகழ்ச்சி இக்கணக்கிற்குத் தக்க சான்று. யசோதரன் தன் தேவி அமிர்தமதி யானைப்பாகனிடம் கொண்ட கூடாவொழுக்கத்தைக் கண்டுவிடுகிறான். தாய் சந்திரமதி முகவாட்டம் கண்டு வினவியபோது உண்மையைக் கூறாது, தீக்கனவு கண்டதாக ஒரு காரணம் புனைகிறான். தீக்கனவின் விளைவு நீங்கப் பலியிட வேண்டும் என்கிறாள் தாய். உயிர்ப்பலிக்கு அஞ்சிய அவன், மாவினாற் செய்த கோழியைப் பலியிட இசைகிறான். ஓர் உயிரும் மடியவில்லை. சிந்தியது மாவு மட்டுமே. ஆயினும் மகன் மயிலாகவும் தாய் நாயாகவும் பிறந்து தொடங்கிய விலங்குப் பிறவிகள் பல. ஏவிய தாயும் இசைந்த மகனும் உடன் உழன்றதைக் காண்க. செய்வித்தலும் உடன்படலும் இங்கே தனித்தனியே கணக்கில் ஏறுகின்றன. இந்நிகழ்ச்சியை நினைக்குந்தோறும் நம் உள்ளத்தைத் தைப்பது மாக்கோழி அன்று, அந்தப் பொய்க்கனவே. மானத்தால் உண்மைக் காரணத்தை மறைத்தான். மறைத்ததற்காக ஒரு காரணம் படைத்தான். படைத்த காரணமே அவனைப் பலிபீடத்திற்கு இட்டுச் சென்றது.

இனி ஏலமலைக்கு வருவோம். போடியிலிருந்து முந்தலைக் கடந்து 17 கொண்டையூசி வளைவுகள் ஏறினால் போடிமெட்டு. அதற்கு அப்பால் இடுக்கி மாவட்டத்து ஏலத் தோட்டங்கள். அதிகாலையில் ஜீப்புகளில் மலையேறும் தொழிலாளருள் பெண்களே மிகுதி. ஏலக்காயை ஒரே நாளில் பறித்து முடிக்க இயலாது. ஒரே கொத்தில் பிஞ்சும் இருக்கும், முற்றிய கரிக்காயும் இருக்கும், பழமும் இருக்கும். கரிக்காயைத் தேர்ந்து பறிப்பதே திறமை. எடைக்குக் கூலி பெறும் இடத்தில் பிஞ்சின்மீதும் கை செல்வதுண்டு. அக்கை செல்வது உலோபத்தாலா, வீட்டில் உலை வைக்க வேண்டிய கட்டாயத்தாலா? கங்காணியின் கணக்கேட்டில் இரண்டும் ஒரே குற்றம். வினையின் கணக்கில் அவ்வாறு அன்று.

பறித்த காயை ஸ்டோர் எனப்படும் உலர்த்தும் கூடத்தில் விறகுச் சூட்டில் ஏறத்தாழ ஒரு நாள் வாட்டுவர். 5 கிலோ பச்சைக்காய் 1 கிலோ உலர்ந்த காயாகச் சுருங்கும். பின்னர்ச் சல்லடையிற் சலித்துத் தரம் பிரிப்பர். 8 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட பருமனான காய்க்கு விலை கூடுதல். பருமனுக்கு அடுத்தபடி விலையை ஏற்றுவது பச்சை நிறம். உலர்த்துமுன் காயைச் சலவைச் சோடாக் கரைசலில் சிறிது நேரம் நனைத்தல் இயற்கை நிறம் காக்கும் முறையாகும். ஆனால் வெளுத்த காய்க்குச் செயற்கைப் பச்சைச் சாயம் ஏற்றி விற்பது வேறு. சாயம் சேர்த்தல் உணவுச் சட்டத்தால் விலக்கப்பட்டது. ஆயினும் சாயமேற்றிய காய் அவ்வப்போது பிடிபடுகிறது.

இச்செயலை 108 வாயில்களில் வைத்துப் பாருங்கள். சாயம் கரைத்த கூலியாள் செய்தவர். கரைக்கச் சொன்ன முதலாளி செய்வித்தவர். தூண்டிய கஷாயம் உலோபம். துணை நின்றது மாயம். உடன்பட்டவர் யார்? கடையில் இரண்டு பொட்டலங்களை முன்வைத்தபோது மணத்தை முகராமல் நிறத்தை மட்டும் பார்த்து, மிகப் பச்சையானதைக் கேட்டு வாங்கியவர் நம் வீட்டுப் பெண்மணி அல்லரோ? அவரறியாமல் வாங்கினார் என்று விடுவித்துவிடலாம். ஆயினும் அறிய முயலாமை எனும் பிரமாதமும் இம்சைக்கு வாயில் என்றே அதே நூலின் 7-ஆம் அத்தியாயம் கூறுகிறது. நல்லெண்ணம் உடையேம் என்று சொல்லிக் கொள்வது போதாது; விழிப்பும் வேண்டும். இயற்கையாக உலர்ந்த காய் முழுதும் ஒரே பச்சையாக இராது, இடையிடையே மங்கலும் இருக்கும் என்பதை நம் சகோதரியர் நினைவிற் கொள்வாராக.

நாம் பொருளைத் தேர்ந்ததற்குக் கூறும் காரணம் உண்மைக் காரணம் தானா என்பதும் ஐயத்திற்குரியதே. 1977-இல் அமெரிக்க உளவியல் அறிஞர்களான நிஸ்பெட்டும் வில்சனும் வெளியிட்ட கட்டுரையொன்றில் ஒரு சோதனை உள்ளது. ஒரே மாதிரியான நான்கு இணை நைலான் காலுறைகளை வரிசையாக வைத்து, சிறந்ததைத் தேர்க என்றனர். வலப்பக்கக் கடைசியில் இருந்ததையே மற்றவற்றினும் மிகுதியானோர் தேர்ந்தனர். காரணம் கேட்டபோது நெசவின் நேர்த்தி, மென்மை எனப் பலவும் கூறினர். வைத்த இடம் காரணமாகுமோ என்று கேட்டபோது மறுத்தனர். பொய் சொல்ல அவர்களுக்கு ஒரு தேவையும் இல்லை; தம் கருத்தைத் தாமே அறிந்திலர். ஆசிரியப் பயிற்சியில் மனநூல் பயின்றோர், எர்னெஸ்ட் ஜோன்ஸ் 1908-இல் பெயரிட்டு விளக்கிய ‘காரணங் கற்பித்தல்’ என்னும் தற்காப்பு நடத்தையை நினைவுகூர்வர். சண்டையிட்ட இரு மாணவரை நிறுத்தி, ஏன் அடித்தாய் என்று வினவினால் கண் இமைக்குமுன் விடை வரும். கை முந்தியது, காரணம் பிந்தியது என்பதை ஆசிரியர் எவரும் அறிவர். ஆகவே, ஏன் செய்தாய் என்று கேட்பதைக் காட்டிலும், செய்வதற்குச் சற்று முன் உன் மனம் எப்படி இருந்தது என்று கேட்பது பயன் தரும்.

செயலே இன்றிக் கருத்து மட்டும் நிற்பதும் உண்டு. 2018 ஆகஸ்டில் இடுக்கி மாவட்டத்தைப் பெருவெள்ளமும் மண்சரிவும் தாக்கின. ஏலத் தோட்டங்கள் பல சிதைந்தன. மறு ஆண்டு ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாய் வரை விலை போயிற்று. போடியிலும் புற்றடியிலும் நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் நடைபெறுகிறது. கணினித் திரையில் விலை ஏறுவதை எல்லாரும் காணலாம். முன்னரே சரக்கு வாங்கிக் கிடங்கில் வைத்திருந்த ஒரு வணிகரை எண்ணிப் பாருங்கள். அவர் எவருடைய தோட்டத்தையும் அழிக்கவில்லை. விலை ஏறியதும் அவர் செய்ததன்று. ஆயினும் அடுத்த மழைச் செய்தி வானொலியில் வரும்போது அவர் உள்ளம் எதனை விரும்பிற்று? பெரிய மீனின் காதருகே வாழும் அரிசி அளவினதான தண்டுல மச்சம், வாய்க்குள் போய்த் திரும்பும் மீன்களை எல்லாம் இது விழுங்காமல் விடுகிறதே என்று எண்ணி எண்ணியே ஏழாம் நரகம் எய்தியது என்று நம் பெரியோர் கூறுவர். அதுவும் ஒரு மீனையேனும் தின்றதில்லை. வணிகம் செய்வதைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. ஆதாயம் நாடாத வணிகம் உலகில் இல்லை. பிறர் இழப்பை நாடும் ஆதாயம் எங்கே தொடங்குகிறது என்பதை அவரவரே அறிய இயலும்.

அரசுகளின் செயலுக்கும் இவ்வாய்வு பொருந்தும். 1954-55-இல் திருவிதாங்கூர்-கொச்சி அரசு, முதலமைச்சர் பட்டம் தாணுப்பிள்ளையின் காலத்தில், இம்மலைகளில் நிலமற்ற உழவர்களைக் குடியேற்றியது. உணவுப் பெருக்கமே நோக்கம் என்று கூறப்பட்டது. தேவிகுளம், பீர்மேடு பகுதிகள் சென்னை மாநிலத்தோடு இணைய வேண்டும் எனத் தமிழர் போராடிய காலம் அது. மொழிவாரி எல்லை வகுக்குமுன் மலையாளம் பேசுவோர் தொகையைப் பெருக்குவதே உள்நோக்கம் என்று தமிழர் குற்றம் சாட்டினர். 1956 நவம்பர் 1 அன்று அவ்விரு பகுதிகளும் கேரளத்தில் அமைந்தன. நெடுங்கண்டம் அருகே பட்டம் காலனி என்ற பெயர் இன்றும் வழங்குகிறது. நம் கருத்தை ஒளிப்பானேன்? எல்லைக் கணக்கு அத்திட்டத்தில் ஓரளவேனும் கலந்திருந்தது என்றே நாம் எண்ணுகிறோம். ஆனால் பசியும் உண்மையே. மண்வெட்டியோடு மலையேறிய குடியானவன் நினைத்தது ஐந்து ஏக்கர் நிலத்தை. எல்லைக் கோட்டை அன்று. ஏவியவர் கருத்து ஒன்று, ஏறியவர் கருத்து ஒன்று, இரு பக்கமும் நின்று பார்த்தவர் கருத்து வேறொன்று. எதிர்த்தரப்பார் செயலில் மாயத்தையும் நம் தரப்பார் செயலில் பற்றையும் மட்டுமே காண்பது செருக்கு என்னும் கஷாயத்தின் வேலை. தமிழராகிய நாமும் அதற்கு விலக்கல்லேம்.

அறச்செயலிலே புகும் மறைகருத்து இன்னும் நுண்ணியது. போடிக்குத் தெற்கே உத்தமபாளையத்தில், கருப்பணசாமி கோயிலை அடுத்த பாறையில் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. அவற்றின் அருகே வட்டெழுத்தில் அச்சணந்தி, அரிட்டநேமி முதலிய முனிவர்தம் பெயர்கள் உள்ளன. அப்பக்கம் செல்லும் நம் குடும்பத்தார் தவறாது கண்டு வணங்க வேண்டிய இடம். அங்கே பெயர் பொறித்தது செருக்கா என்று சிறுமி ஒருத்தி நம்மை வினவினாள். நல்ல வினா. ஆயிரம் ஆண்டுக்குமேற் கடந்து அம்முனிவர் உள்ளத்தை நாம் அளக்கப் புகுதல் தகாது. செய்தவர் இன்னார் என்னும் குறிப்பு வரலாற்றுக்கு உதவியது என்பதோடு நிற்போம். நம் காலத்து உபயங்களைப் பற்றி மட்டும் பேச நமக்கு உரிமை உண்டு. சினாலயத்திற்கு அளித்த மின்விசிறியின் மூன்று இறக்கைகளிலும் பெயர் எழுதுகிறோம். அது சுழன்று காற்றுத் தரும்போது பெயர் தெரிவதில்லை. நின்றுபோனால் நன்றாகத் தெரிகிறது. தானம் செய்து அதற்குக் கைம்மாறாக இன்னது வேண்டும் என உள்ளே கட்டிக்கொள்ளும் விருப்பத்தை நிதானம் என்பர். மாயம், மித்தை, நிதானம் என்னும் மூன்றும் சல்லியங்கள், அதாவது தைத்த முட்கள். முள் நீங்கியவனே விரதி என்பது சூத்திரம். முள் தைத்த காலோடும் நடக்கலாம். ஊரார் நடையைத்தான் பார்ப்பர்.

இம்மறைகருத்துகள் எல்லாம் ஒரே வன்மை உடையன அல்ல. உலோபத்தின் நான்கு தரத்தைச் சாயங்களாலேயே உவமித்தனர் பெரியோர். கிருமிச் சாயம் துணி கிழியும்வரை போகாது. வண்டி அச்சின் மசி அரிதிற் போகும். உடம்பின் அழுக்கு சிறிது முயன்றால் போகும். மஞ்சள் கறை வெயில் பட்டால் வெளுக்கும். நேமிசந்திர சித்தாந்த சக்கரவர்த்தியின் கோம்மடசாரம் குணஸ்தானங்களை விளக்குமிடத்தில் இவ்வுவமை மேலும் நுணுகுகிறது. ஏனைய கஷாயங்கள் எல்லாம் ஒழிந்த 10-ஆம் நிலையிலும் உலோபத்தின் மிக நுண்ணிய சாயல் ஒன்று தங்கும். குசும்பாச் சாயத் துணியைத் துவைத்தபின் எஞ்சும் மெல்லிய செம்மை போல. அத்தனை உயர்ந்த முனிவரிடத்தும் அது தங்குமாயின், 5-ஆம் நிலையை எண்ணி நோன்பேற்கும் நம்மிடத்து எத்தனை தங்கும் என்று கணக்கிட வேண்டுவதில்லை. 11-ஆம் நிலைக்கு உவமை தேற்றாங்கொட்டை உரைத்த கலங்கல் நீர். நம் பாட்டியர் குடத்தின் உட்புறத்தில் அக்கொட்டையை உரைத்து நீர் தெளியவைத்ததை மூத்தோர் கண்டிருப்பர். மேலே பளிங்குபோல் இருக்கும். மண்டி அடியில் அப்படியே கிடக்கும். கஷாயம் அடங்கியதேயன்றி அழியவில்லை. குடம் அசைந்தால் மீண்டும் கலங்கும். அந்நிலை எய்தியவர் முதல் நிலைவரை வழுவுதலும் உண்டு. தெளிந்த நீரை மட்டும் வேறொரு படிகக் கலத்தில் இறுத்து வைத்தது போன்றது 12-ஆம் நிலை. அதன்பின் குடத்தை அசைத்தாலும் கலத்து நீர் கலங்காது.